மைனரும் தாசியும்
(தேவிகாபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒழுக்கக்கேட்டைக் குறிக்கும் சொற்கள் என்பதாகும். தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளிக்கின்றார்கள். தாய்மார்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று கூட்டம் கூட்டிய தோழர் ஒருவரே நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்தச் சொற்களைக் கேளாத தாய்மார் இந்த ஊரில் யார் இருக்கின்றார்கள்? குழாயடியிலும், வரப்புத் தகராறிலும், பங்காளிச் சண்டையிலும் நாள்தோறும் அவர்கள் காதில் விழுவதுதானே! அவர்கள்மேல் வீசுவதற்கென்றே உண்டாக்கிய சொற்களை அவர்கள்மேல் வீசலாமாம், அவர்கள் முன்னிலையில் ஆராய்வது மட்டும் கூடாதாம். இது என்ன நியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகின்றோம். ஒழுக்கம் வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. குடித்துக் குடும்பத்தைக் கெடுப்பதும், மனைவியை அழவைத்துவிட்டு வெளியில் திரிவதும், ஒருவன் உழைப்பில் மற்றொருவன் உல்லாசம் செய்வதும் யார் செய்தாலும் கேடுதான். நாம் கேட்பதெல்லாம், அந்தக் கேட்டுக்கு இட்ட பெயர்கள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி என்று வைத்திருப்பவனைச் சந்தையில் என்ன செய்வீர்கள்? சொல்லிலும் அந்தக் கள்ளப்படி இருக்கின்றது என்பதே நமது வாதம்.

முதலில் 'மைனர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுவோம். இது இங்கிலீஷ் சொல். வயது வராதவன் என்பதே இதன் பொருள். இங்கிலீஷ்காரனிடம் போய் 'எங்கள் ஊரில் ஒரு மைனர் இருக்கின்றார், அவருக்கு வயது நாற்பத்தைந்து, மூன்று வீடு வைத்திருக்கின்றார்' என்று சொன்னால் அவன் உங்கள் புத்தியைப் பற்றித்தான் சந்தேகப்படுவான். (சிரிப்பு) பிறகு நமக்கு இந்தப் பொருள் எப்படி வந்தது?

வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால், அந்த ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற சர்க்கார் இலாகா எடுத்து நடத்தும். சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி செய்தார்கள். 1902இல் புதிய சட்டமும் செய்தார்கள். சாதாரணக் குடியானவன் பிள்ளைக்கு 1875ஆம் வருஷத்துச் சட்டப்படி 18 வயதானால் வயது வந்துவிட்டது. கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் கீழிருக்கும் பிள்ளைக்கு 21 ஆகவேண்டும். அதுவரை அவன் மைனர். ஜமீனைக் கலெக்டர் பார்த்துக்கொள்ளுவார். வரியைக் குடிகள் கட்டுவார்கள். மைனருக்குச் செலவுப் பணம் மாதந்தோறும் வரும். சென்னையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் இவர்களுக்கென்றே தனிப் பள்ளிகூட இருந்தது. 21 வயது முடிந்த அன்று ஜமீனும், அத்தனை வருஷம் சேர்ந்த ரொக்கமும் ஒருங்கே கைக்கு வரும். உழைத்த பழக்கம் இல்லை, கணக்குக் கேட்பாரில்லை, சுற்றிலும் துதிபாடுவோர் கூட்டம். மிச்சத்தை நாம் சொல்லவேண்டுமா?

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள், பணம் படைத்து ஊர் மேய்கின்ற எவனையும் மைனர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. மைனர் ஒழியவில்லை. நகைக்கடைக்குப் போனால் 'மைனர் செயின்' கேட்டு வாங்கலாம். ஒருவனுடைய ஒழுக்கக்கேட்டின் பெயரில் தங்கத்தில் நகை செய்து கழுத்தில் மாட்டிக்கொள்ளுகின்றோம் என்றால் அந்தச் சொல்லில் எவ்வளவு நிந்தனை இருக்கின்றது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். மைனர் என்று கூப்பிட்டால் எவனும் சண்டைக்கு வருவதில்லை. மீசையைத் தடவிக்கொள்ளுகின்றான்.

அந்த மைனர் யார் வீட்டுக்குப் போனான்? அவளுக்கு என்ன பெயர்? தாசி. ஐம்பது வயதிலும் இவன் வயது வராத பிள்ளை. பதினைந்து வயதில் கோயிலில் பொட்டுக் கட்டப்பட்ட அந்தப் பெண்ணோ எல்லாம் அறிந்த தாசி. இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியத்துக்குக் கிடைத்த இரண்டு பெயர்கள் இவை.

'தாசி' என்பதையும் சற்று ஆராய்வோம். தாசன் என்றால் அடிமை, தொண்டன். தாசி என்றால் அடிமைப்பெண், தொண்டு செய்பவள். இரண்டும் ஒரே சொல்லின் ஆண்பாலும் பெண்பாலும்தான். ஆனால் ராமதாசன், சிவதாசன், கிருஷ்ணதாசன் என்று ஆண்கள் பேர் வைத்துக்கொண்டு விபூதியும் நாமமும் போட்டுக்கொண்டு பெருமையாகத் திரிகின்றார்கள். எந்த வீட்டிலாவது தம் பெண்ணைச் 'சிவதாசி' என்று கூப்பிடத் துணிவார்களா? அடிமை ஆணாக இருந்தால் பக்தன், பெண்ணாக இருந்தால் பரத்தை! மனு நூலின் எட்டாம் அத்தியாயம் 415ஆம் சுலோகத்தில் அடிமைகளை ஏழு வகையாக எண்ணியிருக்கின்றது. வீட்டு அடிமைப்பெண்ணின் வயிற்றில் பிறந்தவன் அதில் ஒரு வகை. ஆகவே தாயைத் தாசி என்று சொல்லுவது அவளை ஏசுவதற்கு மட்டுமல்ல, பிள்ளையை அடிமைக் கணக்கில் எழுதிக்கொள்ளுவதற்கும் ஆகும்.

இதைவிட ஒரு வேடிக்கை இருக்கின்றது. தமிழில் உள்ள வசவுகளிலெல்லாம் பெரிய வசவு எது என்று உங்களுக்குத் தெரியும். அது 'தேவரடியாள்' என்பதன் தேய்ந்த உருவம். தேவர் அடியாள், அதாவது சுவாமியின் தொண்டி. நாயன்மார் அறுபத்துமூவருக்கும் அடியார் என்றுதான் பேர். கோயிலில் சிலை வைத்துப் பூசை செய்கின்றார்கள். அதே அடியார் பெண்ணானால் வாயில் சொல்லக்கூடாத வசவு. தோழர்களே! உங்கள் ஊரின் பெயர் தேவிகாபுரம். தேவியின் பேரால் ஊர், தேவிக்குப் பெரியநாயகி என்று இவ்வளவு உயரமாகக் கோபுரம், மலைமேல் புருஷனுக்குத் தனியாக ஒரு கோயில். ஆனால் தேவியின் அடியாள் என்று எவளையாவது சொல்லிப் பாருங்கள், கத்தி தூக்கிக்கொண்டு வருவார்கள்! (சிரிப்பு)

அந்தச் சொல் முதலிலிருந்தே வசவாக இருந்ததா என்றால் இல்லை. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்கள் பேர், வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டு வரிசை எல்லாம் அந்தக் கோயில் கல்லிலேயே வெட்டியிருக்கின்றது. ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் பங்கு. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் தேவரடியார்கள் தம் பொருளிலிருந்தே கோயிலுக்கு விளக்கும் நிலமும் கொடுத்ததாகக் காண்கின்றது. கொடை கொடுத்தவளின் பட்டத்தை யாராவது கல்லில் வசவாக வெட்டுவார்களா? ராஜா கொண்டுவந்து குடியேற்றியதும் அடிமைத்தனந்தானே என்று கேட்டால், ஆம், அடிமைத்தனந்தான். அதை நாம் புகழ வரவில்லை. வசவு பின்னால் வந்தது என்பதைத்தான் சொல்லுகின்றோம். பொட்டைக் கட்டி, வேறு பிழைப்புக்கு வழியில்லாமல் செய்து, ஊர்ப் பெரிய மனிதன் கையை எதிர்பார்க்க வைத்துவிட்டு, நடந்ததற்குரிய கெட்ட பேரை மட்டும் அவள் தலையில் கட்டினார்கள். கட்டிவைத்த கோயிலுக்குக் கெட்ட பேர் இல்லை. வந்து போனவனுக்கும் இல்லை.

இதை உடைத்தவர்களும் அந்தப் பெண்களே என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, அந்தக் குலத்துத் தாயின் வயிற்றிலிருந்து வந்து, டாக்டராகி, சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினரான முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் கொண்டுவந்த முயற்சியால்தான் 1929இல் அவர்களுடைய மானிய நிலம் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 1947இல் பொட்டுக் கட்டுவதே குற்றமாயிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் குலத்திலே வளர்ந்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936இல் ஒரு நாவலும் எழுதினார். அதன் பேர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தாசியின் பக்கத்திலேயே மைனரையும் தலைப்பில் நிறுத்தியிருக்கின்றார் பாருங்கள்! அவன் தப்பித்துக்கொண்டு போக விடவில்லை.

நிற்க, இதெல்லாம் நம் நாட்டுக் கேடு, மேல்நாட்டில் இப்படி இராது என்று நினைக்கின்றவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லுகின்றோம். நாம் காலேஜ் படித்தவரல்ல. அகராதியை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகின்றோம்.

இங்கிலீஷில் காமாந்தகாரனை 'லூட்' என்பார்கள். பழைய இங்கிலீஷில் இதற்கு என்ன பொருள் தெரியுமா? பாதிரி அல்லாதவன். அவ்வளவுதான்! பாதிரி அல்லாதவன் என்றால் படியாதவன், படியாதவன் என்றால் இழிந்தவன், இழிந்தவன் என்றால் காமவெறியன் என்று படிப்படியாக இறக்கிக்கொண்டே வந்தார்கள். அகராதியைத் திறந்தால் அங்கேயும் ஒரு அக்கிரகாரம் இருக்கின்றது. (கைதட்டல்) 'வில்லன்' என்ற சொல் நம் சினிமாக்காரர்களால் உங்களுக்கெல்லாம் தெரியும். அதன் முதற்பொருள் பண்ணையாள். சினிமாவில் வில்லனாக வருகின்றவனோ பெரும்பாலும் பண்ணையார்! 'ஹஸ்ஸி' என்றால் நடத்தை கெட்டவள். அது 'ஹவுஸ் ஒய்ஃப்', அதாவது வீட்டுக்காரி என்ற சொல்லே தேய்ந்தது. 'ஹார்லட்' என்றால் இன்றைக்கு வேசி. முன்னே அது ஊர்சுற்றும் ஆண்பிள்ளைப் போக்கிரிக்குப் பேர். ஆண்கள் அதைக் கழற்றிப் பெண்கள்மேல் போட்டுவிட்டார்கள்.

'லிபர்ட்டைன்' என்ற சொல்தான் நமக்கு முக்கியம். சிற்றின்பப் பித்தன் என்று இப்போது பொருள். இலத்தீனில் இதன் மூலம் விடுதலை பெற்ற அடிமையைக் குறிக்கும். பிறகு 16ஆம் நூற்றாண்டில், திருச்சபைக்குக் கட்டுப்படாமல் தாமே யோசித்தவர்களை இப்பெயரால் அழைத்தார்கள். ஜெனிவாவில் கால்வின் என்ற மதத்தலைவர் 1545இல் இவர்களைத் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார். மதத்துக்கு அடங்காதவன் ஒழுக்கத்துக்கும் அடங்கான் என்று பாதிரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விடுதலை பெற்றவன் என்ற சொல் ஒழுக்கங்கெட்டவன் என்றாயிற்று.

கிரேக்க தேசத்து எபிக்யூரஸ் கதையும் இப்படியே. கடவுள்கள் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை, செத்தபின் தண்டனை என்று பயப்படவேண்டாம் என்று போதித்தவர் அவர். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு இருந்தார். பெண்களும் அடிமைகளும்கூட அங்கே மாணாக்கர்கள். தின்றது ரொட்டி, குடித்தது தண்ணீர். விருந்து சாப்பிட ஆசை வந்தபோது ஒரு நண்பரிடம் கொஞ்சம் பாலாடைக்கட்டி கேட்டு எழுதினாராம். அந்த மனிதரின் பேரை இன்று இங்கிலீஷில் நாக்குருசிக்காரனுக்கு வைத்திருக்கின்றார்கள். யூதர்களோ அவர் பேரைத் தேய்த்து, மத விரோதிக்கே அதைப் பேராக்கிக்கொண்டார்கள். நம் நாட்டுச் சார்வாகர்கள் நிலைமையும் வேறல்ல. கடன் வாங்கியாவது நெய் குடி என்பதே அவர்கள் கொள்கை என்று பண்டிதர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். அவர்கள் எழுதிய நூல் எங்கே என்றால் காட்டமாட்டார்கள். மாதவர் என்ற வேதாந்தி 14ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்ததைக் காட்டுவார்கள். எதிர்க்கட்சி வக்கீல் எழுதிக்கொடுத்ததையே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுகின்ற கோர்ட்டு இது ஒன்றுதான்.

சரி, சொல்தானே, சொன்னால் என்ன ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கின்ற தோழர்களும் உண்டு. ஒட்டிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லுகின்றோம். 1928 முதல் நம் நாட்டில் புரோகிதன் இல்லாமல், மந்திரம் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்து வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டாயின. 1953இல் சென்னை ஹைக்கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. சடங்கு செய்யாத அந்தத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தாய்மார்களே! அதன் பொருள் என்ன? ஒருவனோடு வாழ்ந்து, பிள்ளை பெற்று, வயலிலும் தறியிலும் உழைத்து வந்த பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்ல, வைப்பு. பிள்ளைகளுக்கு என்ன பேர் என்று நாம் சொல்லவில்லை. பங்காளிகள் சொத்து வழக்கில் தாராளமாகச் சொன்னார்கள்.

1967இல் அண்ணா அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது சட்டசபையில் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும் என்றதோடு, முன்னே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. முதல் நாள் வைப்பு, மறுநாள் மனைவி! அந்த ஒரு இரவில் அந்தப் பெண்ணின் நடத்தை மாறிற்றா? சமைத்த அடுப்பு அதே அடுப்பு, படுத்த பாய் அதே பாய். மாறியது சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம். புரோகிதனுக்குத் தட்சிணை கொடுத்தால் பத்தினி, கொடுக்காவிட்டால் வைப்பு என்றால் அந்தச் சொல் அளந்தது ஒழுக்கத்தையா, தட்சிணையையா?

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு இருந்தது. மற்றொருவன் மனைவியோடு, அவன் சம்மதமில்லாமல் கூடினால் ஆணுக்குத் தண்டனை, பெண்ணுக்கு இல்லை. பெண்ணுக்கு என்ன கருணை என்று சிலர் மெச்சினார்கள். மாட்டைத் திருடினால் திருடனுக்குத்தான் தண்டனை, மாட்டுக்கு இல்லையல்லவா? புருஷன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்றும் அதிலேயே இருந்தது. புருஷன் கலியாணமாகாத பெண்ணிடமோ, விதவையிடமோ போனால் அந்தப் பிரிவின்படி அவன்மேல் குற்றமே கிடையாது. 158 வருஷம் கழித்து 2018 செப்டம்பரில்தான் சுப்ரீம் கோர்ட் இதைச் செல்லாதென்று தள்ளிற்று.

அதே சுப்ரீம் கோர்ட் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்பிலும் மனுவிலும் எழுதக்கூடாத இங்கிலீஷ் சொற்களை ஒரு பக்கம் போட்டு, அதற்குப் பதில் எழுதவேண்டியதை மறுபக்கம் போட்டிருக்கின்றார்கள். நாம் சற்று முன் சொன்ன 'ஹார்லட்' அதில் இருக்கின்றது. 'ஸ்லட்' இருக்கின்றது. கெட்டுப்போனவள் என்று பொருள்படும் 'ஃபாலன் உமன்' இருக்கின்றது. மயக்குக்காரி இருக்கின்றாள். இவை ஒவ்வொன்றுக்கும் எதிரில் பதிலாக எழுதியிருப்பது ஒரே சொல்தான்: 'உமன்', பெண். கற்புடையவள் என்ற 'சேஸ்ட் உமன்' என்பதையும் விடவில்லை. அதற்கும் எதிரில் பெண் என்றே எழுதியிருக்கின்றார்கள். பலருக்கு இது விளங்காமல், புகழ்ச்சியை ஏன் அடித்தார்கள் என்று கேட்கின்றார்கள். ஒருத்திக்குக் கற்புக்கரசி என்று பட்டம் கொடுத்தால்தான் மற்றொருத்தியை அதே தராசில் வைத்து இறக்க முடியும். தராசே வேண்டாம் என்பதுதான் அதன் கருத்து.

தமிழில் ஆணுக்கு இப்படி ஒரு சொல்லே இல்லையா என்றால், இருந்தது. திருக்குறள் 1311ஆம் பாட்டில் ஒரு பெண் தன் புருஷனைப் 'பரத்த' என்று கூப்பிடுகின்றாள். பரத்தையின் ஆண்பால். வள்ளுவர் தயங்காமல் எழுதியிருக்கின்றார். பண்டிதர்கள் அந்தப் பாட்டுக்கு உரை எழுதினார்கள். ஊர் அந்தச் சொல்லைக் காணாமல் போக்கிவிட்டது. பரத்தை இன்றும் இருக்கின்றாள், பரத்தன் எங்கே போனான்? மைனர் செயின் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நிற்கின்றான். (நீண்ட சிரிப்பு)

ஏழை பணக்காரன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம், நேரமாகின்றது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் குழித்தறியில் கால் மரத்துப்போக நெய்கின்றவன் சேலை அறுத்த அன்று குடித்தால் அவன் குடிகாரன், ஊதாரி, உருப்படாதவன். குடிப்பது நல்லது என்று நாம் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் படுகின்ற பாட்டை நாம் அறிவோம். ஆனால் முதலாளி பட்டணத்து ஓட்டலில் அதையே பத்து மடங்கு விலையில் குடித்தால் 'பார்ட்டி', 'என்ஜாய்', 'சோஷியல் டிரிங்கர்'. ஏழையின் தப்புக்குத் தமிழ், பணக்காரன் தப்புக்கு இங்கிலீஷ்! சுவாமி செய்தால் அதற்கும் மேலே, 'லீலை' என்று சமஸ்கிருதம்.

இரண்டு துண்டுச்சீட்டு வந்திருக்கின்றன. முதலாவதில் ஒரு தோழர், 'இந்தச் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டால் தப்புச் செய்கின்ற பெண்களைக் கண்டிப்பது எப்படி?' என்று எழுதியிருக்கின்றார். தப்புச் செய்கின்ற ஆண்களை இதுவரை எப்படிக் கண்டித்து வந்தாரோ அப்படியே செய்யட்டும்.

இரண்டாவது சீட்டு ஒரு பெண் எழுதியதாகத் தெரிகின்றது. பேர் இல்லை. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகின்றாராம். வீட்டில் தறி நின்றுவிட்டது, பட்டு விலைக்குக் கூலி கட்டவில்லை, தன் சம்பளத்தில்தான் தறிக்கடன் அடைபடுகின்றது என்கின்றார். இரவு பஸ் இறங்கி நடக்கும்போது திண்ணையிலிருந்து ஒரு சொல் வருகின்றதாம். அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதாமல் புள்ளி வைத்திருக்கின்றார். வேலையை விட்டுவிடும்படி மாமியார் சொல்லுகின்றாராம். என்ன செய்வது என்று கேட்கின்றார்.

அம்மா! வேலையை விடாதீர்கள். நீங்கள் விட்டால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் விடவேண்டியிருக்கும். அதே பஸ்ஸில் இறங்குகின்ற மற்றப் பெண்களோடு சேர்ந்து நடங்கள். ஒருநாள் எல்லோருமாக அந்தத் திண்ணைக்கு எதிரில் நின்று, அந்நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை, அவர் வீட்டுத் தறிக்கடன் யார் சம்பளத்தில் அடைகின்றது என்று கேளுங்கள். இந்தக் கூட்டத்தில் இருக்கும் வாலிபத் தோழர்கள், அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டால் மட்டும், பின்னால் வந்து நில்லுங்கள். முன்னால் வேண்டாம்.